பாவாயியின் முதுகு தள்ளியது

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. 1966-இல் கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை எனக்கு. அங்கே ஒரு மனிதரிடம் ஒரே ஒரு சொல் பொய் சொன்னேன். மூன்று வருஷமாக அதை எழுதப் பார்க்கிறேன்.

முதல் ஆரம்பம்: 'மலைமேல் வளப்பூர் நாட்டில் அன்று காற்று திசை மாறி—' வேண்டாம். காற்றின் மேல் பழியைப் போடுவது எனக்கு வசதியாக இருக்கிறது.

இரண்டாவது: 'வேலப்பன் பெரிய குடிகாரன்.' இதை ஒரு வருஷம் வைத்திருந்தேன். வேலப்பன் குடிக்கிறவரே இல்லை. அவரைக் கெட்டவராக்கினால் என் பொய் சின்னதாகத் தெரியும் என்று நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

நடந்தது இதுதான். சாமை விதைப்பதற்காக வெட்டிக் காயப்போட்ட புதருக்கு, கீழ் ஓரத்தில் வேலப்பன் தீ வைத்தார். மனைவி பாவாயி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்திருந்தார். அவளோ விறகு பொறுக்க மேலே ஏறியிருந்தாள். தீ பின்னாலிருந்து அவளைப் பிடித்தது. கயிற்றுக் கட்டிலில் குப்புறக் கிடத்தி, நாலு பேர் மாறி மாறித் தூக்கி, ஒரு பகல் முழுக்க இறங்கி வந்தார்கள். முதுகிலும் இரண்டு தொடைகளிலும் தோலே இல்லை.

(இந்த இடத்தில் 'அவள் முதுகு' என்று தொடங்கி ஓர் உவமை எழுதியிருந்தேன். அந்த முதுகைத் தினமும் கழுவியவன் நான். அது முதுகு மாதிரிதான் இருந்தது, தோல் இல்லாத முதுகு மாதிரி.)

டாக்டர் அர்த்தனாரி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அவ தோலையே எடுத்துத்தான் மூடணும். இப்ப எடுத்தா அவ தாங்க மாட்டா. வெளிநாட்டுல பன்னித் தோல வச்சுப் பாக்கறாங்க. பத்து நாள் தாங்கும். அப்புறம் உடம்பு தள்ளிடும். அதுக்குள்ள அவ தேறினா, கையில, மார்புல கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கலாம். இத அவ புருசங்கிட்ட விளக்கமாச் சொல்லிடு."

வேலப்பன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, பன்னித் தோலு ஒட்டிக்குங்களா?"

அவர் கண்ணைப் பார்த்தேன். பத்து நாள் கணக்கைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஒட்டிக்குமுங்க" என்றேன்.

3

பன்னித் தோல் வைத்த ஐந்தாம் நாள் அது இளஞ்சிவப்பாக இருந்தது. விரலால் அழுத்தினால் வெளுத்தது, விரலை எடுத்தால் ரத்தம் திரும்ப வந்தது. வேலப்பன் குனிந்து பார்த்தார்.

"பாவாயி, புடிச்சுக்கிச்சு."

"பன்னி எந்த ஊருதுங்க?" என்று அவள் தலையணைக்குள்ளிருந்து கேட்டாள்.

"இந்த அடிவாரத்துதுதான்" என்றேன்.

"நம்ம மலையுதா இருந்திருந்தா இன்னும் கெட்டியா ஒட்டியிருக்கும்."

(நான் சேர்த்தது என்று நினைப்பீர்கள். அவள் சொன்னதுதான். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.)

ஒன்பதாம் நாள் ஓரங்கள் கறுத்தன. கழுவும்போது தோல் கையோடு வந்தது. அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. டாக்டர் புதிதாகப் பன்னித் தோல் வைத்தார். இந்த முறை அது சிவக்கவே இல்லை. மூன்றாம் நாளே செத்துக் கிடந்தது.

"முதல் தடவையே உடம்பு யாருன்னு பாத்து வச்சுக்கிச்சு. இப்ப வாசல்லயே நிறுத்திடுது" என்றார் டாக்டர்.

4

"எந்தோல எடுங்க" என்றார் வேலப்பன்.

இந்தத் தடவை டாக்டரே அவரிடம் பேசினார். "அதுவும் நிக்காதுங்க. ரெண்டு வாரம் தாங்கினாலே பெருசு."

"பன்னி வேற சாமி. நான் அவ புருசனுங்க."

டாக்டர் கத்தியைக் கொதிக்க வைக்கச் சொன்னார். வேலப்பன் தொடையிலிருந்து பட்டை பட்டையாக எடுத்து வைத்தோம். அது பிடித்தது. தினமும் நொண்டிக்கொண்டே வந்து பார்த்தார். "உங்க கைய வச்ச மாதிரி இருக்குதுங்க" என்று அவள் ஒரு நாள் சொன்னதற்கு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

பன்னிரண்டாம் நாள் அதுவும் கழன்றது. நான்தான் தட்டில் எடுத்து வைத்தேன். பன்னித் தோலுக்கும் புருசன் தோலுக்கும் வித்தியாசம் மூன்றே நாள்.

மறுநாள் மத்தியானம் பாவாயி செத்துப்போனாள்.

5

ஒரு பிரதியில் அவளை எழுந்து நடக்க வைத்தேன். கிழித்துவிட்டேன். இன்னொன்றில் வேலப்பன் என் சட்டையைப் பிடித்து அறைகிறார். அது எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே அதையும் கிழித்தேன்.

உண்மையில், அதே கட்டிலில் அவளைக் கிடத்திய பிறகு, மலையேறும்போது ரத்தம் கசியக் கூடாதென்று அவர் தொடைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்:

"ஏனுங்க, தீ வச்சது நாந்தான்னு அவ உடம்புக்குத் தெரிஞ்சு போச்சுங்களா? அதனாலதான் என்னத் தள்ளிருச்சா?"

எந்த உடம்பும் அப்படித்தான், பெற்ற தாயின் தோலையும் தள்ளும், அதில் கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் 'ஒட்டிக்குமுங்க' என்று சொன்ன வாயால் அதைச் சொன்னால் அவர் நம்புவாரா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே முடிச்சுப் போட்டேன். அவர் கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, கட்டிலுக்குப் பின்னால் நொண்டி நொண்டி நடந்தார்.

6

'வேலப்பண்ணே, அவ உடம்பு உங்கள—'

இந்த வாக்கியத்தோடு பாதி மலை வரை இரண்டு முறை போய்த் திரும்பி வந்துவிட்டேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. வளப்பூர்ப் பக்கம் போகிறவர் யாராவது இதைப் படித்தால், அவரிடம் போய் நின்று இதை முடித்துச் சொல்லுங்கள். நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.