மீன் தட்டு வருவதற்கு முன்

வண்டியின் உள்விளக்கை அணைத்த பிறகுதான் நார்பர்ட் சட்டையைத் தூக்குவார்.

புட்ச் நடத்தும் சாப்பாட்டு விடுதியின் பின்பக்கம், குப்பைத் தொட்டிக்கும் பனிக் குவியலுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் தன் பிக்கப் வண்டியை அங்கேதான் நிறுத்துவார். இன்சுலின் பேனாவை வண்டியில் விட்டால் விஸ்கான்சின் குளிரில் உறைந்துவிடும். அதனால் அது எப்போதும் சட்டைப் பையில், நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். தொப்பையில் ஒரு பிடி சதையைப் பிடித்து, குத்தி, திருடித் தின்கிற நாய் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வேலையை முடிப்பார்.

முன்பெல்லாம் கழிப்பறையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. கதவைத் திறந்த ஒருவன் ஊசியைப் பார்த்தான், நரைத்த தலையைப் பார்த்தான். "இந்த வயசுலயுமா பெரியவரே?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். போதைக்காரன் என்று நினைத்துவிட்டான். காகித ஆலையில் தோல் உரிய உழைத்த மனிதரை. அன்றோடு கழிப்பறை போயிற்று, வண்டி வந்தது.

டாக்டரம்மா என்னவோ சுலபமாகச் சொன்னாள். "சாப்பிடற மேசையிலயே போட்டுக்கங்க. தட்டு வந்ததும் போடுங்க. யாரும் பாக்க மாட்டாங்க." யாரும் பார்க்கமாட்டார்களாம். அந்த ஊரில் ஒருவன் புது டயர் மாட்டினால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் விசாரணை நடக்கும். டாக்டர்கள் சொல்வதில் பாதியை நார்பர்ட் எப்போதுமே நம்பியதில்லை. மீதிப் பாதியை மருந்து விற்கிறவன் சொல்லிக்கொடுத்தான் என்பது அவர் கட்சி.

ஆனால் ஊருக்குப் பயந்து மட்டும் அவர் வண்டியில் ஒளியவில்லை. ஆர்லீனுக்குப் பயந்தார்.

ஆர்லீனின் புருஷன் கிளாரன்ஸைச் சர்க்கரை வியாதிதான் கொண்டுபோனது. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை. துண்டு துண்டாகப் புதைத்தேன் என்பாள். அவனைப் புதைத்த பிறகு ஒருநாள் சீட்டாட்ட மேசையில், யாரோ இன்னொரு கல்யாணம் பற்றிக் கேலி பேசியபோது சொன்னாள்: "குடிகாரன் வரட்டும், சூதாடி வரட்டும். சுகர்க்காரன் மட்டும் என் வாசப்படி ஏறக்கூடாது. ஒருத்தனுக்குப் பாத்தது போதும்." எல்லோரும் சிரித்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த நார்பர்ட்டும் சிரித்தார். பேனா அப்போதும் சட்டைப் பையில்தான் இருந்தது.

இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தது, வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து வருவது. ஏரிப்பக்கம் இருக்கும் தன் வீட்டுக்கு வந்துவிடேன் என்று கிறிஸ்துமஸுக்கு அவர் கேட்டார். அவள் இல்லை என்று சொல்லவில்லை. "ஏரியில பனி உடையட்டும். பாக்கலாம்" என்றாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கிழவர் குளிர்காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அவர் திட்டத்தில் ஓட்டை இல்லை என்றுதான் நினைத்திருந்தார். மத்தியானமே புட்சுக்குப் போன் போட்டு முதல் பந்தியில் இடம் சொல்லிவிடுவார். வண்டியில் ஊசி. உள்ளே நுழைந்ததும் மேசை. உட்கார்ந்ததும் ரொட்டிக் கூடை வந்துவிடும். சர்க்கரை இறங்குவதற்குள் வாயில் ஏதாவது இருக்கும்.

ஆனால் இது தவக்காலம். வெள்ளிக்கிழமை இறைச்சி தின்னாத கத்தோலிக்கர்கள் அத்தனை பேரும் புட்சின் வாசலில். ஊசி போட்டுவிட்டு உள்ளே வந்தால் நிற்க இடமில்லை. பார் மேடையருகே ஆர்லீன் அவருக்கு ஒரு முக்காலியைப் பிடித்து வைத்திருந்தாள்.

"பொரிக்கிற சட்டி ஒண்ணு படுத்துடுச்சு நார்ப்," என்றார் புட்ச், துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "இருக்கிற ஒரு சட்டியில ஊருக்கே பொரிக்கணும். முதல் பந்தியே இன்னும் எழுந்திருக்கல. ஒண்ணு குடி, கூப்பிடறேன்."

"எவ்வளவு நேரம்யா ஆகும்?"

"அது மீனைத்தான் கேக்கணும்."

ஊசி உள்ளே போய்விட்டது. அதைத் திரும்ப உருவ முடியாது.

ஆர்லீன் முன்னால் வழக்கமான பிராந்தி, சர்க்கரையும் சோடாவும் போட்டு, மேலே செர்ரிப் பழத்தோடு. இவர் முன்னால் வெறும் தண்ணீர் கலந்த பிராந்தி. சர்க்கரை போட்டால் பிராந்தி கெட்டுவிடும் என்று அவளிடம் ஆரம்பத்திலேயே ஒரு பெரிய பிரசங்கம் செய்திருந்தார். இப்போது ஒரு கோக் கேட்டால் ஏன் என்று கேட்பாள். இத்தனை நாள் அடித்த பொய்க்கு இப்போது வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தங்கச்சி வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொற்கள் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தன. சட்டைக் காலர் நனைந்தது. கிளாஸைத் தூக்கினார், பிராந்தி மேடையில் சிந்தியது.

"என்ன, கை இப்படி ஆடுது?"

"ஒண்ணுமில்ல. பேசாம இரு."

"நார்ப்?"

"பேசாம இருன்னேன்ல. வாய் ஓயாதா உனக்கு? இப்படிப் பேசிப் பேசித்தான் கிளாரன்ஸ் போய்ச் சேந்தான்."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். யாரோ, "புட்ச், கிழவனுக்கு இனிமே ஊத்தாதே," என்றான். புட்ச் கிளாஸை எடுக்கக் கை நீட்டினார்.

ஆர்லீன் கோபப்படவில்லை. நார்பர்ட்டின் பின்கழுத்தில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். கை முழுக்க ஈரம். அவள் முகம் மாறியது. தெரிந்த ஆள் வருவதை ஜன்னல் வழியே பார்த்த முகம் அது.

"புட்ச், ஆரஞ்சு ஜூஸ் குடு. பெரிய கிளாஸ்ல. இவன் குடிச்சிருந்தாத்தான் தேவலையே."

கிளாஸை அவளே பிடித்துக் குடிக்க வைத்தாள். பாதி சட்டையில் போயிற்று, பாதி உள்ளே போயிற்று. இன்னொரு கிளாஸ் வாங்கினாள். பார் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நார்பர்ட்டுக்குச் சத்தங்கள் பக்கத்தில் வந்தன. முதலில் தெரிந்தது அவள் கண்கள்.

"எங்க போட்ட?"

பொய் சொல்ல மூளைக்கு இன்னும் தெம்பு வரவில்லை. "வண்டியில."

"எத்தனை காலமா?"

"உன்னோட இங்க வர்றதுக்கு முன்னாலேர்ந்தே."

அவள் தலையை ஆட்டினாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. "கிளாரன்ஸ் என்ன பண்ணினான் தெரியுமா? நாலு பேர் முன்னால சட்டையத் தூக்க வெக்கம். வெளியில சாப்பிட்டா ஊசியே போடமாட்டான். கல்யாண வீடு, சர்ச் விருந்து, இதே புட்ச் கடை, எல்லாம் அப்படித்தான். வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கறேன்பான். போடமாட்டான். சுகர் அவன் காலைத் தின்னல நார்ப். அந்த வெக்கம் தின்னுச்சு. நீ அவனுக்கு அண்ணனா வந்து வாய்ச்சிருக்க."

"நீதானே சொன்ன, சுகர்க்காரன் வாசப்படி ஏறக்கூடாதுன்னு."

"சொன்னேன். இப்பவும் அதைத்தான் சொல்றேன்." கோட்டை மாட்டிக்கொண்டாள். "எழுந்திரு, நான் ஓட்டறேன். வழியில உனக்கு ஏதாவது வாங்கித் தர்றேன், தின்னுட்டு வா."

அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியவள், சாவியைக் கொடுக்கும்போது முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: "அடுத்த வெள்ளி வருவேன். நீ மேசையில போடு, என் கண்ணு முன்னால. என்னால பாக்க முடியுதான்னு பாக்கறேன். முடியலன்னா முடியல. பொய் மட்டும் பேசாதே."

அந்த வாரம் முழுக்க நார்பர்ட் சமையலறை மேசையில் உட்கார்ந்து போட்டுப் பழகினார். ஆளில்லாத மேசையில் பழகுவது ஒரு பழக்கமா? வெள்ளிக்கிழமை பிக்கப்பை முன்பக்கம், விளக்குக் கம்பத்துக்குக் கீழே நிறுத்தினார். ஊசி போடாமல் உள்ளே போனார்.

ஆர்லீன் வந்திருந்தாள். சட்டியைப் பழுது பார்த்திருந்தார்கள். மேசை சீக்கிரமே கிடைத்தது. கூடத்துக்கு நட்ட நடுவில் கிடைத்தது; ஓரத்தில் ஒன்று காலியாக இருந்தும் அவர் கேட்கவில்லை. பரிமாறுகிற ஷெரி இரண்டு தட்டுகளையும் வைத்தாள். பொரித்த மீன், உருளைக்கிழங்கு அடை, முட்டைக்கோஸ், ரொட்டி.

பேனாவை வெளியே எடுத்தார். விரல்கள் ஊசியை மாட்டுவதற்குள் இரண்டு தரம் வழுக்கின. சட்டையை ஒரு ஓரம் தூக்கினார். வெள்ளைத் தொப்பை, நரைத்த மயிர், பழைய குத்துத் தழும்புகள், எல்லாம் கூடத்து விளக்கில் தெரிந்தன.

பக்கத்து மேசையில் தொப்பிக்காரன் ஒருவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "சாப்பிடற இடம்யா இது."

"சாப்பிடறதுக்குத்தான் போடறேன்," என்றார் நார்பர்ட்.

யாரோ சிரித்தார்கள். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. அவர் குத்தினார். மருந்து முழுக்க இறங்கட்டும் என்று பொறுத்து, பிறகு உருவினார். சட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தார்.

ஆர்லீன் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்கவில்லை. ஆனால் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வீட்டில் கிளாரன்ஸுக்கு ஊசியை உருவும் வரை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொடுத்த மாதிரியே இவருக்கும் எண்ணியிருக்கிறாள்.

"நல்லாப் போட்ட," என்றாள். உடனே நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "தாங்கிடுவேன்னு நினைச்சேன் நார்ப்."

"ஆர்லீன்."

"நீ சாப்பிடு. போட்டுட்டே, சாப்பிட்டாகணும்."

மேசைகளுக்கு நடுவே நடந்து, பார் பக்கம் தாண்டி, வாசல் கதவைத் திறந்துகொண்டு போனாள். குளிர் ஒரு வீச்சு உள்ளே வந்துவிட்டு நின்றது.

தொப்பிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். ஷெரி தண்ணீர்க் கூஜாவோடு பாதி வழியில் நின்றாள். எழுந்து பின்னால் ஓடலாம் என்று நார்பர்ட்டுக்குத் தோன்றியது. சாப்பிடாமல் ஓடினால் போன வாரம் போலவே சர்க்கரை இறங்கிவிடும், நடு ரோட்டில் விழுவார். அவள்தான் வந்து தூக்க வேண்டும். அதைவிடக் கேவலம் வேறில்லை.

ரொட்டிக் கூடைக்குக் கீழே ஒரு வெறும் தட்டு இருந்தது. அதை எடுத்து, ஆறிவிடாமல் இருக்க அவள் மீனின் மேல் கவிழ்த்தார். பிறகு தன் முள்கரண்டியை எடுத்தார். ருசி ஒன்றும் தெரியவில்லை. மென்று, விழுங்கி, அடுத்ததை எடுத்தார்.

அவள் கோட்டு நாற்காலியில் கிடந்தது. கையுறைகள் அதன் பையிலிருந்து எட்டிப் பார்த்தன. வெளியே ஏரி இன்னும் இறுகித்தான் கிடந்தது. இந்தக் குளிரில் கோட்டில்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. வாசல் கதவைப் பார்த்தபடியே நார்பர்ட் சாப்பிட்டார்.