ரோட்டைப் பற்றி சரளா சொன்னது

அடுகோடியில், பஸ் ஸ்டாப் தொடங்கி பழைய டிஸ்பென்சரி வரை கூட்டுவது சரளாவின் பங்கு. காலை ஆறு மணிக்குத் துடைப்பத்தை எடுத்தால் ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் ஆபீஸ் வண்டிகள் வரத் தொடங்கினால் ரோட்டில் கால் வைக்க முடியாது. அன்றைக்குத் திருப்பத்தில் மறுபடியும் கண்ணாடித் தூள் கிடந்தது. யாரோ ஸ்கூட்டரோடு விழுந்திருக்கிறான். தூளை ஓரமாக ஒதுக்கித் தகரத்தில் அள்ளித் தனிக் கோணியில் கொட்டினாள். இந்த மாதத்தில் இது நாலாவது தடவை.

மூடிக் கிடந்த டிஸ்பென்சரியின் சுவரில் இரண்டு வாரமாக ஒரு புது போர்டு தொங்கியது. வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்கு அங்கே காப்பகம் வரப்போகிறதாம். காலை ஐந்தரைக்கே திறப்பார்களாம், மூன்று வயதுக்குக் கீழே உள்ளதையும் சேர்த்துக்கொள்வார்களாம். அந்த போர்டுக்கு அடியில் மட்டும் சரளா தினமும் இரண்டு முறை கூட்டினாள்.

அவள் மகள் தாரணிக்கு இரண்டு வயது. கணவன் ரவி விடியற்காலை நாலு மணிக்கே மார்க்கெட்டுக்கு டெம்போ எடுத்துப் போய்விடுவான். இதுவரை பக்கத்து வீட்டு மௌரீன்தான் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். வாடகை ஏறிவிட்டதால் மாதக் கடைசியில் அவளும் ஊருக்கு வெளியே சந்தாபுராவுக்குப் போகிறாள். அங்கன்வாடி திறக்க ஒன்பதரை ஆகும், அதிலும் மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். சேர்ந்தாற்போல மூன்று நாள் வராவிட்டால் மேஸ்திரி வெங்கி இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான்.

சனிக்கிழமை வார்டு ஆபீஸில் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. எதிர் அப்பார்ட்மென்ட்காரர்கள் முன்வரிசை நாற்காலிகளை நிரப்பிவிட்டார்கள். சரளாவும் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் ஐந்தாறு பெண்களும் பின்னால் சுவரோரம் நின்றார்கள். காப்பகம் வேண்டும், வாசலில் வண்டி வேகம் குறைய ஒரு ஹம்ப்பும் கம்பி வேலியும் போட்டுத் தர வேண்டும் என்று கேட்பதாக அவர்கள் பேசி வைத்திருந்தார்கள்.

அப்பார்ட்மென்ட் சங்கத் தலைவர் ஆராவமுதன் எழுந்தார். பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். காலையில் நடக்கப் போகும்போது சரளாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வணக்கம் சொல்கிற ஒரே ஆள்.

"குழந்தைகள் மேல எங்களுக்கு அக்கறை இல்லாம இல்லை சார். அக்கறை இருக்கறதாலதான் சொல்றோம், அந்த ரோடு வேண்டாம்னு. நாங்க சொன்னா சுயநலம்னு நினைப்பேள். தினம் அங்க நிக்கறவளைக் கேளுங்கோ. சரளா, முன்னால வாம்மா. அந்த ரோடு எப்படி? உள்ளதை உள்ளபடி சொல்லு."

அத்தனை பேர் இருக்கும் இடத்தில் யாரும் இதுவரை அவளை முன்னால் கூப்பிட்டதில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். வார்டு எஞ்சினியர் கேசவ் பேனாவை எடுத்து, கன்னடமும் தமிழுமாக, "ஹேளம்மா, சொல்லு" என்றார்.

"டேஞ்சர்தான் சார். வாரத்துக்கு ஒரு ஆக்சிடென்ட். கண்ணாடி அள்றது நான்தான். போன மாசம் ஒரு காலேஜ் பையன் விழுந்தான், ரத்தத்து மேல மண்ணு போட்டுக் கூட்டினதும் நான்தான். தண்ணி டேங்கர்காரன் பிரேக்கே போட மாட்டான் சார். அதனால வாசல்ல ஒரு ஹம்ப்பு, பசங்க ஓடாம இருக்க ஒரு கம்பி வேலி, இது ரெண்டையும் போட்டுட்டுத் திறங்க."

முன்வரிசை முழுக்கக் கை தட்டியது. ஆராவமுதன் எழுந்து நின்றே தட்டினார். எஞ்சினியர் குனிந்து எழுதினார். சரளாவுக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மௌரீனிடம், "எல்லாரும் கை தட்டினாங்கக்கா, கண்டிப்பா வந்துடும்" என்றாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலை போர்டைக் காணவில்லை. சுவரில் நாலு ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. போர்டு இருந்த இடத்துக்கு நேர் கீழே, அப்பார்ட்மென்ட் ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு கார்கள் நின்றன.

வேலை முடிந்த கையோடு வார்டு ஆபீஸுக்குப் போய்க் காப்பகம் என்னவாயிற்று என்று கேட்டாள். கேசவ் நிமிர்ந்தே பார்க்கவில்லை, ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.

"நீதானே சொன்னே? இல்லி நோடு, இங்க பாரு, எழுதியிருக்கு."

கன்னடத்தில் எழுதியிருந்ததை அவரே படித்தார். அந்தச் சாலையில் தினமும் வேலை செய்யும் துப்புரவுப் பணியாளரும், அது குழந்தைகளுக்கு ஆபத்தான இடம் என்று உறுதிப்படுத்தினார். அவ்வளவுதான். பக்கத்தைத் திருப்பச் சொன்னாள். பின்பக்கம் காலியாக இருந்தது.

"ஹம்ப்பு கேட்டேனே சார்? வேலி கேட்டேனே?"

"ஹம்ப்பு வேற டிபார்ட்மென்ட்ம்மா. இந்த ஃபைல்ல வராது."

"ரோடு டேஞ்சர்னா ரோட்டைச் சரி பண்ணணும். புள்ளைங்களை எதுக்கு சார் தொரத்துறீங்க? நான் பேசினதுல உங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கிட்டா நான் என்ன மனுஷி?"

"கத்தாதே. ஆபீஸ் இது."

அவள் கத்தினாள். பியூன் வந்து கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டான். அவர்களைவிடத் தன் வாய் மேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகமாக வந்தது.

மறுநாள் காலை ஆராவமுதன் வழக்கம்போல வணக்கம் சொன்னார். சரளா துடைப்பத்தைக் குறுக்கே ஊன்றி நின்றாள்.

"என் வாயாலயே எனக்கு மண்ணைப் போட வெச்சீங்களே சார்."

"அப்படிச் சொல்லாதே சரளா. எனக்கும் வருத்தந்தான். ஆனா நீ சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்லையே."

"இல்ல சார். அதுதான் எரியுது. உங்க வணக்கம் இனிமே எனக்கு வேணாம். அந்தாண்ட நடங்க."

அவர் கார்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

ஒன்றாம் தேதி மௌரீனின் சாமான்கள் வண்டி ஏறின. இரண்டாம் தேதி சரளா தாரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். டிஸ்பென்சரிப் படியில் உட்கார வைக்கலாம் என்று பார்த்தால், கார்கள் ஒட்டி ஒட்டி நின்று படியையே மறைத்திருந்தன. குப்பைத் தள்ளுவண்டியின் பக்கத்திலேயே நிற்கவைத்தாள். வேலைக்காகச் சேலைக்கு மேல் போட்டிருந்த மின்னும் ஜாக்கெட்டைக் கழற்றிக் குழந்தைக்குப் போட்டாள். அது கணுக்கால் வரை தொங்கியது. லாரிக்காரன் கண்ணுக்காவது தெரியட்டும்.

ஆறரைக்கு வெங்கி பைக்கில் வந்தான். ஒவ்வொருத்தியையும் அவளவள் இடத்தில் நிறுத்தி ஃபோட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்புக்கு அனுப்ப வேண்டியது அவன் வேலை. குழந்தையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏம்மா, இங்க எதுக்கு இதைக் கூட்டியாந்த? சரி, நான் பாக்கல. ஆனா ஃபோட்டோல வந்துதுன்னா என் வேலையும் போயிடும். ஜாக்கெட்டைப் போடு நீ."

சரளா குழந்தையிடமிருந்து ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டாள். தாரணியை வண்டிக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"அங்க கால் தெரியுது. இன்னும் தள்ளி நிறுத்து."

ஒரு பக்கம் கார், ஒரு பக்கம் சாக்கடை. தள்ளி நிறுத்த ரோடுதான் இருந்தது. நடைபாதையை விட்டு இறக்கி வெள்ளைக் கோட்டின் மேல் நிற்கவைத்து, "அம்மா வர்ற வரைக்கும் அசையாத கண்ணு" என்றாள். குழந்தை இரண்டு கையையும் விரித்துத் தூக்கச் சொன்னது. சரளா ஓடிவந்து துடைப்பத்தோடு நின்றாள்.

"கண்ணு அந்தப் பக்கமே போவுது பாரு. ஃபோட்டோ சரியா வரல. இன்னொன்னு எடுக்கணும்" என்றான் வெங்கி. "இங்க, ஃபோனைப் பாரு."

திருப்பத்தில் டேங்கரின் ஹார்ன் கேட்டது. சரளா ஃபோனைப் பார்த்தாள்.