ஊமை வாட்ச்

கடைத்தெருவில் அவளுக்கு வாட்ச்காரி என்றுதான் பெயர். பழைய கைக்கடிகாரம் வைத்திருப்பவர்கள் எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் அவளிடம் வந்து நிற்பார்கள், அவள் செய்யாமல் விடுகிற வேலைக்காக. கேஸுக்குப் பாலிஷ் போட மாட்டாள். மங்கின டயலுக்குச் சாயம் பூச மாட்டாள். முள்ளை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால், "பளபளன்னு வேணும்னா புதுசு வாங்கிக்கோங்க. இதோட மதிப்பே இந்தக் கீறல்லதான் இருக்கு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். வேறு வழியே இல்லாமல் தேய்ந்த பாகத்தை மாற்றினால், கழற்றின பழசைச் சின்னப் பொட்டலமாக மடித்து வாட்ச்சோடு சேர்த்துக் கொடுப்பாள். குப்பையே ஆனாலும் அது சொந்தக்காரரோட குப்பை என்பாள்.

அப்பேர்ப்பட்டவள் பெற்ற அப்பாவின் வாட்ச்சில் போய்க் கோட்டை விட்டாள். கொடுமையைப் பாருங்கள்.

அப்பா லேத் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர். இப்போது ஞாபகம் மரை கழன்ற மாதிரி ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தது. மகளைச் சில நாள் மகள் என்பார், சில நாள் நர்ஸம்மா என்பார். மாப்பிள்ளையை வாடகை கேட்க வந்தவர் என்று நினைத்துக் கும்பிடுவார். ஆனால் கையில் வாட்ச் இருக்கும்வரை சமாளித்துவிடலாம். திகைப்பு வரும்போதெல்லாம் மணிக்கட்டைக் காதோரம் கொண்டுபோய் ஓர் ஆட்டு ஆட்டுவார். உடனே முகம் தெளியும். "நம்ம வாட்ச்தான். அப்ப இது நம்ம வீடுதான்" என்று உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிடுவார், வலிப்பு மாத்திரையையும் விழுங்கிவிடுவார். ஓடுகிறதா என்று பார்க்கிறார் போல என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள்.

"குடுங்கப்பா, ஒரு தரம் பிரிச்சுப் பாத்துடறேன்" என்று அவள் கேட்காத நாளில்லை. "ஓடுறதை எதுக்கு நோண்டறே?" என்று கையை மறைத்துக்கொள்வார். ஊரே நம்புது, பெத்த அப்பா நம்ப மாட்டேங்கறாரே என்று அவளுக்கு உள்ளூர ஒரு குறை.

கடைசியில் அது நின்றே போனது. எண்ணெய் காய்ந்திருந்தது, அவ்வளவுதான். அவள் அதைப் பிரித்து, கழுவி, எண்ணெய் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வேலை செய்தாள். லேத் இரும்பு பட்டுக் கேஸில் விழுந்த பள்ளத்தைத் தொடவில்லை. டீ நிறத்துக்கு மாறியிருந்த டயலின்மேல் மூச்சுக்காற்றுகூடப் படவிடவில்லை. அந்த வாட்ச்சுக்குச் சாவி கொடுக்க வேண்டாம். கை அசையும்போது உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று ஆடி, தானே சாவி ஏற்றிக்கொள்ளும். தகட்டைத் தாங்குகிற அச்சு தேய்ந்துபோய், தகடு தொங்கி, பின்மூடியில் உரசிக்கொண்டிருந்தது. "அடப் பாவமே, எத்தனை வருஷமா இப்படி உராயுதோ!" என்று கையிருப்பில் இருந்த அதே கம்பெனி அச்சைப் போட்டாள். பழையதை மட்டும் பொட்டலம் மடிக்கவில்லை. நம்ம வீட்டு வாட்ச்தானே, யார் வந்து கேட்கப் போகிறார்கள்? துடைத்த துணியோடு சேர்த்துக் குப்பைக் கூடையில் உதறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பா கையில் கட்டிவிட்டு, சபாஷ் வாங்கப்போகிற பிள்ளை மாதிரி எதிரில் நின்றாள். அப்பா காதோரம் வைத்து ஆட்டினார். இன்னொரு தரம் ஆட்டினார். அவிழ்த்துக் கட்டிலில் வீசினார்.

"என் வாட்ச் எங்க?"

அதிலிருந்து வீடு வீடாக இல்லை. தலையணையைப் பிரித்துப் பஞ்சுக்குள் தேடினார். அலமாரியைக் கவிழ்த்தார். வாட்ச்சைத் தேடித் தெருவில் இறங்கியவரை மாப்பிள்ளை கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்து கதவைப் பூட்ட வேண்டியதாயிற்று. "திருடங்க வீட்டுல பச்சைத்தண்ணி குடிக்க மாட்டேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டார். வாய்க்குள் தள்ளின மாத்திரை அத்தனையும் தரையில் கிடந்தது. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிய மாத்திரை.

மறுநாள் காலையில் கணவன் அவளைத் தனியே இழுத்துப்போய், "உதடெல்லாம் வெடிச்சுப்போச்சு மாமாவுக்கு. இன்னைக்கும் விழுங்கலேன்னா என்ன ஆகும்னு எனக்குப் பயமாயிருக்கு" என்றான்.

அவள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். "அப்பா, நல்லாப் பாருங்கப்பா. இந்தப் பள்ளம் உங்க லேத்ல பட்டதுதானே? இந்த டயல்?"

அப்பா நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் அச்சு அசலா இருக்கு. திருடன் கெட்டிக்காரன்."

"யாருப்பா திருடன்?"

"நீதான்." வாட்ச்சை அவள் காதருகே கொண்டுவந்து ஆட்டினார். "கேளு. என்னோடது பேசும். இது ஊமை."

தகடு மூடியில் உரசின சத்தத்தைத்தான் அவர் இத்தனை நாள் கேட்டிருக்கிறார். வாட்ச்சைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

கூடை காலி. கடைகளைக் கூட்டுகிற அம்மா வாளியோடு எதிரே வந்தாள். "காலைலயே பின்னாடி டிரம்ல கொட்டிட்டேனே. வண்டி வந்து அள்ளிட்டுப் போயிருக்கும்."

வாட்ச்காரி மேஜைமுன் உட்கார்ந்தாள். புது அச்சைக் கழற்றினாள். அரத்தை எடுத்தாள். நல்ல பாகத்தைக் கெடுப்பதற்கென்று அவள் அரம் பிடித்தது அன்றைக்குத்தான். ஒரு பக்கம் தேய்த்து மாட்டி ஆட்டினாள். கரகர என்றது. இதுதானா? இன்னும் தேய்த்தாள். தகர டப்பாவில் ஆணி உருள்கிற மாதிரி லொடலொடத்தது. இதா? அவளுக்குத் தெரியவில்லை. அச்சின் தேய்மானத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தவள், மூடியில் விழுந்த கோட்டைப் பார்த்தவள், அந்தச் சத்தத்தை ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. அது எப்படியிருக்கும் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். அவருக்கோ இவள் யாரென்றே தெரியவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

பக்கத்துக் கடை செல்போன் ரிப்பேர்காரன் எட்டிப் பார்த்தான். "என்னாச்சுக்கா?"

விக்கி விக்கிச் சொன்னாள். "குப்பை வண்டி எடுத்துட்டுப் போயிருச்சு."

"எந்த வண்டி? இன்னைக்கு வரவேயில்லையே. பின்னாடி நாறுதுக்கா, போய்ப் பாரு."

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "டேய், ஸ்பீக்கர்ல கழட்டின காந்தம் இருக்கா?"

"காந்தமா? காந்தம் பட்டா வாட்ச் கெட்டுரும், கடைப்பக்கம் கொண்டுவந்தா கையை ஒடிப்பேன்னு சொன்ன ஆளாச்சே நீ!"

"கொண்டாடா, உனக்குக் கோடிப் புண்ணியம்."

டிரம்மைச் சாக்கின்மேல் கவிழ்த்தாள். அழுகல், ஈரக்காகிதம், முடி. மண்டியிட்டு அங்குலம் அங்குலமாகக் காந்தத்தை இழுத்தாள். குண்டூசி வந்தது. ஸ்டேப்ளர் கம்பி வந்தது. உடைந்த பிளேடு வந்து விரலைக் கிழித்தது. செல்போன் அடித்தது, கணவன். "கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. சீக்கிரம் வாயேன்!"

"வந்துட்டேங்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி குப்பைக்குள் கையை விட்டாள்.

கடைசியில் துணித் துணுக்கோடு ஒட்டிக்கொண்டு கடுகளவு இரும்பு ஒன்று வந்தது. ஒரு பக்கம் தேய்ந்து சரிந்திருந்தது. கழுவினாள், அதில் ஏறியிருந்த காந்தத்தை இறக்கினாள், மாட்டினாள், மூடினாள். இனி உள்ளே இரும்புத்தூள் விழும், பல்சக்கரத்தையெல்லாம் அரிக்கும், இந்த வாட்ச் நெடுநாள் தாங்காது. வேறு யாராவது இப்படி ஒரு வேலை செய்திருந்தால் கிழி கிழி என்று கிழித்திருப்பாள். எக்கேடோ கெட்டுப்போகட்டும் என்று வீட்டுக்கு ஓடினாள்.

அப்பா சுவரோரம் சுருண்டிருந்தார். நடுங்குகிற அந்தக் கையில் வாட்ச்சைக் கட்டினாள். அவர் அதை மெதுவாகக் காதோரம் கொண்டுபோனார்.

க்ர்ர்க். பேசப்போகிறவர் தொண்டையைச் செருமுகிற மாதிரி இருந்தது.

அப்பாவின் தோள் தளர்ந்தது. "நம்ம வாட்ச்தான்" என்றார். "அப்ப இது நம்ம வீடுதான்."

கணவன் ஓடிப்போய்ப் பாலில் ஊறவைத்த ரொட்டியைக் கொண்டுவந்தான். மாத்திரையை முதலில் கொடுத்தாள். விழுங்கினார். அவள் ஸ்பூனால் ஊட்ட ஊட்ட மளமளவென்று சாப்பிட்டார். நடுவில் அவள் விரலில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"எங்கிருந்தும்மா கண்டுபிடிச்சே? நீ மகராசியா இருக்கணும்."

"கிடைச்சதுங்க."

அவர் குனிந்து, ரகசியம் சொல்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. வாட்ச் வேலையில புலி. தப்பித்தவறி அவ கண்ணுல மட்டும் இதைக் காட்டிடாதே. கெட்டிக்காரி, சத்தத்தை எடுத்துருவா."

அவள் அடுத்த ஸ்பூனை எடுத்தாள்.

"காட்ட மாட்டேங்க" என்றாள். "வாயைத் திறங்க."