கரிமண்ட வீட்டின் ஒற்றை வெடி

கரிமண்ட மந்தண்ணா இறந்த மறுநாள் காலை, வழக்கம்போல ஆறு மணிக்கு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். மருமகள் போஜம்மா வெல்லக் காப்பி கலந்து கொடுத்தாள். வேறென்ன செய்வாள்? முந்தின நாள் மாலை அவர் வாயில் காவிரித் தீர்த்தம் விட்டதும் அவள்தான், கண்ணை மூடிவிட்டதும் அவள்தான். உடம்பு விறைத்துப்போனதைத் தொட்டுப் பார்த்திருந்தாள். ஆனால் சாவு வெடி சரியாக விழவில்லை. குடகில் வீட்டு முற்றத்திலிருந்து ஒரு துப்பாக்கி வெடி கேட்டால் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று பொருள். அடுத்தடுத்து இரண்டு கேட்டால் யாரோ போய்விட்டார்கள். அதைக் கேட்டுத்தான் ஊர் சாவுக்கு வெள்ளை உடுத்தும். மந்தண்ணாவுக்கு மகன் பெள்ளியப்பா இரண்டு குழலுக்கும் தோட்டா போட்டு, இரண்டு விசையையும் இழுத்தான். வெடித்தது ஒன்று. பாடிக்கேரி ஊர்க்காரர்கள் சிரித்த முகத்தோடு வந்து, குழந்தை யார் ஜாடை என்று கேட்டார்கள். பெள்ளியப்பா வெட்கத்தோடு மறுபடி தோட்டா போட்டுச் சுட்டான், சத்தமே வரவில்லை. அந்த வெடி மறுநாள் விடியற்காலையில்தான், பூசை விளக்கின் கீழே துப்பாக்கியைச் சாத்தி வைத்திருந்த இடத்தில், தானாகக் கேட்டது. ஓட்டில் ஒரு பொத்தல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மந்தண்ணா எழுந்து வந்தார்.

அந்தத் துப்பாக்கியைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியிடமிருந்து, ஆற்றோரத்து நல்ல வயல் ஒன்றைக் கொடுத்து மந்தண்ணா வாங்கியது அது. இங்கிலாந்தில் செய்த இரட்டைக் குழல், கட்டையில் வெள்ளிப் பூவேலை. வெள்ளைக்காரன் கையில் இரண்டு குழலும் பேசின. புலி அடித்திருக்கிறது என்பார்கள். கரிமண்ட வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்த நாள் முதல் ஒரு குழல்தான் பேசியது. விராஜ்பேட்டையில் பழுது பார்க்கிறவனிடம் கொண்டுபோனால் அவன் கையில் டம் டம் என்று இரண்டும் போகும். திரும்பி வந்தால் ஒன்று. மாடு வாங்கினால் சுழி பார்க்கிறோம், துப்பாக்கிக்கு யார் சுழி பார்த்தார்கள்? ராசி இல்லை, விற்றுத் தொலை என்று பங்காளிகள் சொன்னார்கள். மந்தண்ணா மசியவில்லை. முதல் வெடியிலேயே அடிக்கத் தெரியாதவனுக்குத்தான் இரண்டாவது வெடி வேண்டும் என்றார். சொன்னபடியே, துப்பாக்கிக்குப் பூசை போடுகிற கைல்போள்து பண்டிகைக்குப் பண்டிகை, மரத்தில் கட்டிய தேங்காயை முதல் வெடியில் உடைத்து வந்தார். செங்காந்தள் பூ செருகி, விளக்கின் கீழே சாத்தி வைத்த அந்தத் துப்பாக்கியைப் பார்க்க, எட்டு ஊர்களிலிருந்து ஆள் வரும். பேரன் பூணச்சா பிறந்தபோது ஒரு வெடி வேண்டியிருந்தது, அதுவும் ஒரு வெடிதான் கொடுத்தது, மந்தண்ணாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவருக்கு அடுத்து அவர் மனைவி முத்தவ்வா போனாள். அதே துப்பாக்கி, அதே ஒரு வெடி, அதே ஆறு மணிக் காப்பி. இந்த முறை ஊர்க்காரர்கள் குழந்தை எங்கே என்று கேட்கவில்லை. முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து நீட்டி, இதை வைத்துச் சுட்டு அம்மாவை அனுப்பிவையப்பா என்றார். பெள்ளியப்பா அதைக் கையால் தொடவும் இல்லை.

“கரிமண்டக்காரன் சாவுக்கு இரவல் துப்பாக்கியான்னு நாளைக்கு ஊரே சிரிக்கும். அதுக்கு அம்மா இன்னும் கொஞ்ச நாள் உக்காந்தே இருக்கட்டும்.”

“சரியாச் சொன்னான்” என்றார் மந்தண்ணா, உள்ளேயிருந்து.

அதற்குப் பிறகு பெள்ளியப்பா மடிகேரிக்குப் போய், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் பெல்ஜியத்தில் செய்த துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்தான். அதற்கும் நல்ல பேர். வரும் வழியில் காட்டோரம் வண்டியை நிறுத்திச் சுட்டுப் பார்த்தான். இரண்டு குழலும் போயின. மந்தண்ணாவின் தம்பி நஞ்சப்பா, கல்யாணம் செய்துகொள்ளாத கட்டை பிரம்மச்சாரி, அடுத்த மழைக்காலத்தில் இறந்தபோது அதை எடுத்தார்கள். ஒன்றுதான் வெடித்தது. சரி, துப்பாக்கிக்கு ஒன்றாக இரண்டு வெடி போடலாம் என்று, இங்கிலாந்துத் துப்பாக்கியைப் பெள்ளியப்பாவும் பெல்ஜியத் துப்பாக்கியை அவன் பங்காளி ஒருவனும் பிடித்துக்கொண்டு, ஒருவர் சுட்டபின் ஒருவர் நிதானமாகச் சுட்டார்கள். முற்றத்தில் நின்றவர்கள் இரண்டு புகையைப் பார்த்தார்கள். காதுக்குக் கேட்டது ஒரே சத்தம், கொஞ்சம் பெரிய சத்தம். கீழ்ப்பக்கத்து ஊரில் இரட்டைக் குழந்தை என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்படி மூன்று பேர் அடுப்படியில் சேர்ந்தார்கள். செத்தவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. உட்கார்ந்திருப்பார்கள். காப்பி சூடாக இருக்க வேண்டும். அரிசி நொய்யில் கடம்புட்டு உருட்டும்போது பதம் சொல்வார்கள். தேர்தல் வந்தால் யாருக்கு ஓட்டு என்று சண்டை போடுவார்கள், பெயர்கள் பட்டியலில் இருக்கத்தான் இருந்தன. அவர்களால் வேலை செய்ய முடியாது என்று வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. யாரும் செய்து பார்த்ததில்லை. வாசல் படலைத் தாண்ட முடியாது என்றும் ஒரு நம்பிக்கை. அதையும் யாரும் தாண்டிப் பார்த்ததில்லை. தூக்கம்தான் அவர்களுக்கு வரவில்லை. கண்ணை மூடினால் இருட்டு வருகிறது, தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்று முத்தவ்வா மருமகளிடம் முனகுவாள். தூங்காதவர்களுக்குப் பசி அதிகம். போஜம்மா விடியுமுன் எழுந்து விறகு சுமந்து, அரிசி மாவு பிசைந்து ஒட்டி என்கிற ரொட்டி தட்டி, மூங்கில் குருத்து ஆய்ந்து, நாற்று நடுகிற ஆட்களுக்குத் தனியாகப் பொங்கி, நடுவில் மூன்று பேருக்கு மூன்று விதமாகக் காப்பி கலந்து கொடுத்தாள். நஞ்சப்பாவுக்கு மிளகு தட்டிப் போட வேண்டும். உயிரோடு இருந்தபோது அந்த மனிதர் மிளகு கேட்டதே இல்லை!

அவள் கோபக்காரி இல்லை. ஆனால் சலித்துப்போனாள். சலிப்பு என்றால் ஒரு நாள் வந்து ஒரு நாள் போகிற சலிப்பு இல்லை, முழங்கால் வலி மாதிரி கூடவே குடியிருக்கிற சலிப்பு. கணவனிடம் ஒரு முறை கேட்டாள், இரண்டு முறை கேட்டாள், பக்கத்து வீட்டுத் துப்பாக்கியை வாங்குங்களேன் என்று. பெள்ளியப்பா இரண்டு நல்ல துப்பாக்கிகளுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்தபடி, பார்க்கலாம் என்பான். அப்புறம் அவனும் ஒரு ஆடி மழையில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். போகுமுன் மகனைக் கூப்பிட்டு, நம்ம துப்பாக்கிதான் என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். பெங்களூரிலிருந்து வந்த பூணச்சா சுட்டான், ஒன்று கேட்டது, மறுநாள் பேருந்து ஏறிவிட்டான். வீட்டில் படுக்க இடமில்லை என்று அம்மாவிடம் சொன்னான். அவன் சொன்னதும் பொய் இல்லை. அன்று காலை போஜம்மா நான்காவது தம்ளரை எடுத்து வைத்தாள். கணவன் திரும்பி வந்ததில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். பகல் சாப்பாட்டுக்குள் அது தீர்ந்துவிட்டது.

அதன்பின் பல வருடம் அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். நமக்கும் ஒரு நாள் வரும், அன்றைக்காவது கையைக் காலை நீட்டிப் படுக்கலாம். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அபசகுனம் என்று அந்த நான்கு செத்தவர்களும் திட்டியிருப்பார்கள்.

அந்த நாள் ஒரு காப்பி பறிப்புக் காலத்தில் வந்தது. ஒட்டியைத் தட்டிக் கல்லில் போட்டவள், நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்ததுபோல உணர்ந்து, விறகடுக்கில் சாய்ந்தாள். உயிர் போயிற்று. ஒட்டி கருகிவிடுமே என்று எழுந்தாள். கரண்டியைத் தேட நேரமில்லாமல் கையாலேயே திருப்பினாள், சுடவில்லை. அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. திரும்பி நான்கு பேரையும் பார்த்தாள். மந்தண்ணா தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். நஞ்சப்பா, நேற்று உப்பு குறைச்சல் என்றார். பெள்ளியப்பா சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டான். அவள் பரிமாறினாள். மத்தியானமும் பரிமாறினாள். இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தாள். இருட்டு வந்தது. தூக்கம் வரவில்லை. இனி எப்போதுமே வராது என்று தெரிந்ததும், அந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் முதல் அழாதவள், தலையணையில் வாயை வைத்து அழுதாள்.

விடிந்ததும் முத்தவ்வா ஒருத்திதான் கவனித்தாள். காப்பித் தம்ளரை வாங்கும்போது மருமகளின் விரல் பட்டது.

“என்னடி, கை ஜில்லுன்னு இருக்கு?”

“தண்ணியில நின்னேன் அத்தை.”

முத்தவ்வா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

மறுநாள் காலைக் காப்பி முடிந்ததும் போஜம்மா புடவையின் பின்கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, முற்றத்தில் இறங்கி, படலைத் திறந்து, வெளியே போனாள். ஒன்றும் ஆகவில்லை. சாலையில் எதிர்ப்பட்டவர்கள் கும்பிட்டார்கள், அவளும் கும்பிட்டாள். இரண்டு மலைச் சரிவு தாண்டி அவள் பிறந்த வீடு. அண்ணன் உத்தய்யா முற்றத்தில் காப்பிக் கொட்டையைக் காய வைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுத் துப்பாக்கிக்கு ஒரு பேரும் கிடையாது. எங்கே செய்தது என்று யாருக்கும் தெரியாது. கட்டை பிளந்து செம்புக் கம்பி சுற்றியிருக்கும். ஆரஞ்சு மரத்துக் குரங்குகளை விரட்ட வைத்திருந்தார், குரங்குகளும் அதை அவ்வளவாக மதிப்பதில்லை. கைல்போள்து பண்டிகையில் ஒரு முறை தேங்காயைக் குறிவைத்து அடுத்த வீட்டுத் தண்ணீர்க் குடத்தை உடைத்ததோடு சரி, அப்புறம் அதைப் போட்டிக்கு எடுத்ததில்லை.

“அண்ணா, உன் துப்பாக்கி வேணும். ரெண்டு குழலும் சுடுமில்ல?”

“சுடுறதுக்கென்ன, சுடும். யார் போனது?”

“நான்தான்.”

உத்தய்யா தங்கையை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த காப்பிக் கொட்டையை மெதுவாகக் கீழே போட்டார். எப்போ என்று கேட்டார். முந்தாநாள் என்றாள். உள்ளே போய்த் துப்பாக்கியையும் மிச்சமிருந்த இரண்டு தோட்டாக்களையும் எடுத்து வந்தார். மற்றதெல்லாம் குரங்குகளுக்குச் செலவாகிவிட்டது, சந்தைக்குப் போனால்தான் உண்டு என்றார். அதற்குள் அண்ணி இலை போட்டுவிட்டாள். பன்றிக்கறி, கடம்புட்டு, ஆரஞ்சுத் தோல் பச்சடி. போஜம்மா உட்கார்ந்தாள். யாரோ சமைத்து, யாரோ பரிமாறி, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று யாரோ சொல்லக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. செத்தபின் சாப்பிட்ட அந்தச் சாப்பாடுதான் அவள் வாழ்க்கையிலேயே நிம்மதியாகச் சாப்பிட்டது. இரண்டு முறை கறி வாங்கிக்கொண்டாள். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டாள்.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தோளில் கம்பி சுற்றிய துப்பாக்கியைப் பார்த்ததும் மந்தண்ணா வாசல்வரை எழுந்து வந்துவிட்டார், செத்தபின் அவர் அவ்வளவு தூரம் நடந்தது அதுவே முதல் முறை. இந்தக் குரங்கு விரட்டியை என் முற்றத்தில் வைத்துச் சுட்டால் ஊரில் தலைகாட்ட முடியுமா என்று கத்தினார். பெள்ளியப்பா, உள்ளே ரெண்டு நல்ல துப்பாக்கி இருக்கேடி என்றான். நஞ்சப்பா, தோட்டா எத்தனை என்று கேட்டார். இரண்டு என்று தெரிந்ததும் எல்லோரும் மனதுக்குள் கணக்குப் போட்டார்கள். இரண்டு என்றால் ஒரு ஆளுக்கு.

முத்தவ்வா படியில் இறங்கி வந்து மருமகளின் கையைப் பிடித்தாள். “எனக்குச் சுடுடி. நான் உனக்கு முந்தி வந்தவ. ரொம்ப அலுப்பா இருக்குடி.”

போஜம்மாவின் கை தானாகவே தோட்டாக்களை நீட்டப் போயிற்று. நாற்பது வருடம் எல்லோருக்கும் வைத்துவிட்டு மிச்சத்தைத் தின்ற கை அது. பாதி நீட்டியது, நின்றுவிட்டது.

“இல்ல அத்தை” என்றாள். “இன்னைக்கு நான் முதல்ல சாப்பிட்டேன். தூக்கமும் நான்தான் முதல்ல தூங்கப்போறேன். படலைத் தாண்டலாம், நான் தாண்டிப் பார்த்துட்டேன். துப்பாக்கி இங்கேயே இருக்கும். தோட்டா வேணும்னா எங்க அண்ணன்கிட்ட நீங்களே போய்க் கேளுங்க.”

வானத்தைப் பார்த்துச் சுட்டாள். ஒன்று. பிறகு இன்னொன்று. இரண்டும் தனித்தனியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், மலையில் மோதி இறங்கின. அவள் பிறந்தபோது யாரும் வெடி வைக்கவில்லை, பெண்ணுக்கு யார் வைப்பார்கள்? அவளுக்காக அந்த மலை கேட்ட வெடிகள் இவைதான், அதுவும் அவளே போட்டுக்கொண்டது. துப்பாக்கியை வாசல் தூணில் சாத்திவிட்டு, உள்ளே போய்ப் பாயை விரித்து, கையைக் காலை நீட்டிப் படுத்தாள். பாடிக்கேரி முழுவதும் வெள்ளை உடுத்திக்கொண்டு வந்தது. கரிமண்ட வீட்டிலிருந்து சரியான வெடி கேட்டு எத்தனையோ காலம் ஆனதால், வயதானவர்கள் சிலர் வரும் வழியிலேயே அழுதார்கள். அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள் என்று முதலில் வந்தவர்கள் சொல்கிறார்கள். கடைசியில் வந்தவர்கள் வந்து சேர்ந்தபோது அதுவும் நின்றிருந்தது.

மறுநாள் ஆறு மணிக்கு நான்கு பேரும் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார்கள். அடுப்பு எரியவில்லை. வெயில் ஏறும்வரை காத்திருந்தார்கள். பிறகு முத்தவ்வா எழுந்து, படலைத் தாண்டி, சாலையில் யாரையும் பார்க்காமல் உத்தய்யா வீட்டுக்கு நடந்து போனாள். அந்த வாரம் சந்தை கழிந்ததும் இரண்டு வெடி கேட்டது. அடுத்த வாரம் நஞ்சப்பாவுக்கு இரண்டு. மந்தண்ணாவும் பெள்ளியப்பாவும் போகவில்லை. இரவல் வெடியில் போகிற வம்சமா நாங்கள் என்று இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். பண்டிகைக்குப் பண்டிகை பூணச்சா வந்து, தாத்தாவின் துப்பாக்கிக்குச் செங்காந்தள் செருகி, முதல் வெடியில் தேங்காயை உடைத்துவிட்டு ஊருக்குப் போகிறான். மற்ற நாட்களில் மந்தண்ணாவும் மகனும் இரண்டு நல்ல துப்பாக்கிகளையும் துடைத்து வைக்கிறார்கள், விறகு பொறுக்குகிறார்கள். காப்பியை அவர்களே போட்டுக் குடிக்கிறார்கள், வெல்லம் எவ்வளவு போடுவது என்று இருவருக்கும் தெரியாது.