மயில்வாகனத்தார் தின்ற ஐஸ்பழம்

சம்பந்தம் பேசிய அன்று கரம்பொனில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாதவர்கள் எல்லாம் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எங்கள் பக்கத்தில், குடும்பத்துக்கு மூத்தவனான நான், கதிர்காமு. என் தம்பி தில்லைநாதன். அவன் மனைவி இராசேஸ்வரி. நெடுந்தீவுப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் மயில்வாகனத்தாரும் அவருடைய தமக்கை நாகமுத்துவும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகத் தரகர் முருகேசு. தம்பியின் மகள் இரஞ்சிதம் உள்ளே குசினி வாசலில் நின்றாள். வேறு ஒருவரும் இல்லை. மாப்பிள்ளை இராசநாயகம்கூட வரவில்லை. பக்கத்து வளவு அம்பிகை வேலிக்கு மேலால் எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொல்கிறாள். எங்கள் வேலி அப்போதுதான் புதிதாக அடைத்தது. அதற்கு மேலால் பார்ப்பதென்றால் அவள் பனையில்தான் ஏறியிருக்க வேண்டும்.

எழுபத்து நாலாம் ஆண்டு, வைகாசி மாதம். சீனிக்குக் கூப்பன் இருந்த காலம். எங்கள் வீட்டில் அந்தக் கூப்பன் சீனியே மிஞ்சியது. ஏனென்றால் தம்பிக்குச் சீனி வருத்தம். பதுளையில் கடை வைத்திருந்த காலமெல்லாம் பால்தேத்தண்ணீரில் கரண்டி நிற்கும்படி சீனி போட்டுக் குடித்தவன் அவன். கடையை விற்று ஊருக்கு வந்தபோது மண்ணெண்ணெயில் குளிரூட்டும் ஒரு பிறிஜையும் இந்த வருத்தத்தையும் கொண்டுவந்தான். டொக்டர் இனிப்பை நிறுத்தினார். நிறுத்திய அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. மகள் இரஞ்சிதம்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். சீனி போடாத ஐஸ்பழம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஐஸ்பழம் என்பது சைக்கிளில் பெட்டி கட்டி மணி அடித்து வருபவனிடம் வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் றோட்டில் நின்று நக்குகிற சாமான். எங்கள் குசினியில் அது உண்டாவதை நான் விரும்பவில்லை. ஆனால் அவள் செய்யும் முறையில் ஒரு ஒழுங்கு இருந்ததை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத் தோல் சுருங்கும்வரை வைத்திருப்பாள். காம்படியை மணந்து பார்த்து, "இன்னும் பொறுக்க வேணும்" என்பாள். பிறகு சதையை வழித்து, வெள்ளைத் துணியில் பிழிந்து தும்பு நீக்கி, இளநீரைக் கலந்து, தேசிக்காய்ப் புளி விட்டு, சின்ன அலுமினியப் பேணிகளில் ஊற்றிப் பிறிஜில் வைப்பாள். பாதி இறுகும்போது குச்சி குத்த வேண்டும். முந்திக் குத்தினால் சரிந்துவிடும், பிந்தினால் இறங்காது. குச்சியும் பனைமட்டையில் அவளே சீவியது. பேணியைத் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்தால் ஐஸ்பழம் வழுக்கிக்கொண்டு கையோடு வரும். எனக்குத் தெரிந்த செய்முறை அவ்வளவுதான்.

இனிச் சம்பந்தத்துக்கு வருகிறேன்.

இராசநாயகம் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் வாத்தியார். ஊர் நெடுந்தீவு. கரம்பொனில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். இரஞ்சிதத்துக்கு அவரைப் பிடித்திருந்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் நான் இறுப்பிட்டியில் ஒரு சம்பந்தம் பேசியபோது அவளுக்கு வயிற்றுக்குத்து வந்தது. முருகேசு இராசநாயகத்தின் பெயரைச் சொன்ன அன்று மத்தியானம் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். விளங்கிக்கொள்ள அது போதும்.

பொருத்தம் சரி, குலம் கோத்திரம் சரி. ஒன்றுதான் சரிவரவில்லை. கலியாணம் முடிந்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் எங்கள் வழக்கம். மயில்வாகனத்தாருக்கோ ஒரே மகன். மகனும் மருமகளும் நெடுந்தீவில் தன் கல்வீட்டில், தன் மாடுகளைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று நின்றார். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியும் இன்றுவரை வள்ளம் ஏறிக் குடிபோகவில்லை என்று நான் நின்றேன்.

மயில்வாகனத்தார் தன் பிடியில் வெறுமனே நிற்கவில்லை. சம்பந்தம் முற்றாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிடக் கூடாது என்பது தீவுப் பகுதியில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். உப்புப் பட்ட சாமான் ஒன்று வாய்க்குள் போய்விட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் சொன்னதாகிவிடும். அதற்குப் பிறகு பெண் வீட்டாரின் வழக்கப்படிதான் நடக்க வேண்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம். மயில்வாகனத்தார் விடிய வள்ளம் ஏறி, பிறகு பஸ் ஏறி, வெயிலில் வாடி வந்திருந்தார். தண்ணீர்ச் செம்பைத் தவிர ஒன்றையும் தொடவில்லை. இராசேஸ்வரி வடைத் தட்டத்தைக் கொண்டுவந்து வைத்தபோது தான் இருந்த கதிரையை ஒரு முழம் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்தத் தட்டத்தைத் தரகர் முருகேசுதான் வெறுமையாக்கினார். தரகருக்கு உப்பு ஒட்டாது.

பகல் சரிந்தது. கதை ஒரு அங்குலமும் நகரவில்லை.

"கதிர்காமர், நீர் படிச்ச மனிசன். என்ர மாடுகளை ஆர் பாக்கிறது?" என்றார் மயில்வாகனத்தார்.

"மாடு பாக்கவோ பிள்ளையைக் கேட்டு வந்தனீர்?" என்றேன்.

"பாத்தால் என்ன, கொம்பா முளைக்கும்?"

"தம்பி, பின்னேர வள்ளம் எங்களுக்காண்டி நிக்காது" என்று நாகமுத்து மயில்வாகனத்தாருக்குச் சொன்னார். அவர் கைம்பெண், நரைத்த தலை, கூர்மையான வாய். நெடுந்தீவில் எந்த வழக்கு வந்தாலும் வழக்கம் கேட்டு அவர் வீட்டு வாசலுக்குத்தான் போவார்களாம். "ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லிப்போட்டு எழும்புவம்."

மயில்வாகனத்தார் சால்வையை உதறித் தோளில் போட்டார். உள்ளே ஒரு மூடி கீழே விழுந்த சத்தம் கேட்டது. இரஞ்சிதம்தான். எங்கள் வீட்டில் பாத்திரம் விழுவதில்லை.

அதற்குப் பின்தான் இராசேஸ்வரி தட்டத்தோடு வந்தாள். தட்டத்தில் மஞ்சள் நிறத்தில் புகைந்துகொண்டு ஐஸ்பழங்கள்.

"இவருக்கு இந்த நேரம் குடுக்கிறது வழக்கம்" என்று தன் புருசனைக் காட்டிச் சொன்னாள். "பிள்ளைதான் நேரம் போகுதெண்டு எடுத்துத் தந்தவள்."

எனக்குக் காது சுட்டது. சம்பந்தம் பேசும் சபையில் ஐஸ்பழம். தம்பி அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஒன்றை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தான். முருகேசு கேட்காமலே ஒன்றை எடுத்தார். மாம்பழ வாசம் விறாந்தை முழுக்கப் பரவியது. மயில்வாகனத்தாரின் பார்வை தட்டத்திலிருந்து தம்பியின் வாய்க்கும், அங்கிருந்து தட்டத்துக்கும் போய்வந்தது.

"உவருக்குச் சீனி வருத்தம் எண்டு கேள்விப்பட்டன்" என்றார்.

"ஓம்" என்றான் தம்பி, வாயை எடுக்காமல். "இது சீனி போடாதது."

"எனக்கும் உந்தக் கோதாரி வருத்தம்தான். அக்கா என்னை ஒரு பனங்கட்டித் துண்டும் கடிக்க விடுறா இல்லை."

விருந்தாளி பார்த்திருக்க வீட்டுக்காரர் தின்பது எங்கள் குடும்பத்துக்கு அழகில்லை. அதனால் நான்தான் சொன்னேன்: "மயில்வாகனத்தார், நீர் எடுக்க மாட்டீர் எண்டு தெரியும். எண்டாலும் கேக்க வேண்டியது என்ர கடமை."

அவர் தமக்கையைப் பார்த்தார். நாகமுத்து தட்டத்தை நோக்கிக் குனிந்து, ஐஸ்பழங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அடுப்பில ஏத்தினதோ?"

"இல்லை மாமி" என்றாள் இராசேஸ்வரி.

"அரிசி, உளுந்து?"

"ஒண்டும் இல்லை. பழமும் இளநியும்தான்."

"அப்ப இது சாப்பாடு இல்லை" என்று நாகமுத்து தீர்ப்புச் சொன்னார். "நெருப்புப் படேல்லை, உப்புப் படேல்லை. உறைஞ்ச தண்ணி. தண்ணி குடிக்கலாம்தானே. எடு தம்பி. எனக்கும் ஒண்டு தா. கதிர்காமர் அண்ணை, நீங்களும் எடுங்கோ. வீட்டுக்காரர் தின்னாததை நாங்கள் எப்பிடித் தின்னுறது?"

குசினி வாசலில் நின்ற இரஞ்சிதத்துக்கு இந்தத் தீர்ப்பு நன்றாகக் கேட்டிருக்கும். பெரியவர்கள் கதைக்கும்போது இடையில் வாய் திறக்கக் கூடாது என்று நான்தான் அவளுக்குச் சொல்லி வளர்த்தேன். அவள் வாய் திறக்கவில்லை.

நானும் ஒன்று எடுத்தேன். சபைக்கு மரியாதையாக, முதுகை நிமிர்த்திக்கொண்டு, கடித்துத் தின்றேன். பல் கூசியது, முகத்தில் காட்டவில்லை. மயில்வாகனத்தாருக்கு அப்படியொரு கவலையும் இருக்கவில்லை. கால்மேல் போட்ட காலை இறக்கிவிட்டார். சால்வையை மடியில் போட்டார். சாறு முழங்கை வரைக்கும் வழிய, கன்றுக்குட்டி மடியை முட்டுவதுபோலத் தலையை ஆட்டி ஆட்டி உறிஞ்சினார்.

குச்சி மட்டும் மிஞ்சியபோது அவர் முகம் மாறியது.

"கதிர்காமர், இதில சீனி இருக்கு."

"இல்லை."

"இருக்கு. இவ்வளவு இனிப்பு வெறும் பழத்துக்கு வராது. எங்கட ஊரிலயும் மாம்பழம் இருக்கு. வருத்தக்காரனுக்குச் சீனியைத் தந்துபோட்டு இல்லையெண்டு சொல்லுறீர்."

என் தகப்பன் காலத்திலும் பாட்டன் காலத்திலும் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து எங்களைப் பொய்யர் என்று ஒருவரும் சொன்னதில்லை. சம்பந்தம் போனால் போகட்டும், வீட்டின் பெயர் போகக் கூடாது. பெண்பிள்ளையைச் சபைக்கு அழைப்பது முறையில்லை என்று தெரிந்தும் நான் எழுந்து நின்று கூப்பிட்டேன்.

"பிள்ளை இரஞ்சிதம்! இஞ்ச வா. வந்து இவருக்கு முன்னால சொல்லு. என்னென்ன போட்டனீ?"

அவள் வந்தாள். ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"கறுத்தக்கொழும்பான், பெரியப்பா. தோல் சுருங்கினது."

"பிறகு?"

"இளநி. தேசிக்காய்ப் புளி."

"சீனி?"

"சத்தியமா இல்லை."

"கேட்டீரே?" என்று மயில்வாகனத்தாரிடம் திரும்பினேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் இன்னும் நம்பாத முகத்தோடு குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனவே முழுவதையும் சொல்லிவிடட்டும் என்று, "வேற என்ன போட்டனீ? ஒண்டும் மறைக்காமல் சொல்லு" என்றேன்.

"வேற..." என்று இழுத்தாள். "ஒரு விரல்நுனி உப்பு."

நாகமுத்து தன் கையிலிருந்த குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உப்புப் போடாட்டி பழத்தின்ர இனிப்பு வெளிய வராது, பெரியப்பா. சீனி போடேலாதெல்லே. அதுக்குத்தான் உப்பு." இன்னும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

முருகேசு ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பினார். அவருடைய முதுகு குலுங்கியது. மயில்வாகனத்தார் தமக்கையைப் பார்த்தார்.

"அக்கா, நீதானே சொன்னனீ, இது தண்ணியெண்டு."

"நான் சொன்னது உப்பில்லாத சாமானுக்கு" என்றார் நாகமுத்து, தன் குச்சியைத் தட்டத்தில் பக்குவமாக வைத்தபடி. "இது உப்புள்ள சாமான். தீர்ப்பு வேற."

"நீயும்தானே தின்னனீ!"

"ஓம். அதாலதான் சொல்லுறன். நான் தின்ன உப்புக்குத் துரோகம் செய்ய மாட்டன். நீ எப்பிடியெண்டு சபையில சொல்லு."

பிறகு நாகமுத்து இரஞ்சிதத்தைக் கிட்டக் கூப்பிட்டார். தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, அவள் கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கள்ளி" என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னார். எங்கள் பிள்ளையை ஒருவர் கள்ளி என்பதை நான் வேறு நேரமென்றால் பொறுத்திருக்க மாட்டேன்.

முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மயில்வாகனத்தார் கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவி வந்து, பின்னுக்கு இழுத்த கதிரையைத் தானே முன்னுக்குப் போட்டு அமர்ந்தார். "ஆவணியில நாள் பாருங்கோ. பெடியன் இஞ்ச இருக்கட்டும்" என்றார். உடனே, "ஆனால் கோயில் திருவிழாவுக்கும் வருசப்பிறப்புக்கும் ரெண்டு பேரும் நெடுந்தீவுக்கு வரவேணும். வள்ளம் ஏறாத குடும்பம் எண்டு அப்ப ஆரும் எனக்குச் சொல்லக் கூடாது" என்றார். நான் யோசித்தேன். குடிபோவது வேறு, திருவிழாவுக்குப் போய்வருவது வேறு. ஒத்துக்கொண்டேன். இராசேஸ்வரி சோறு போட்டாள். அன்று அவர்கள் பின்னேர வள்ளத்தைத் தவறவிட்டு எங்கள் வீட்டில்தான் படுத்தார்கள். ஆவணியில் கலியாணம் சிறப்பாக நடந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் கரம்பொனில்தான் இருக்கிறார்கள். இரஞ்சிதம் வருசத்துக்கு இரண்டு தரம் வள்ளம் ஏறுகிறாள். போகும்போதெல்லாம் மாமனாருக்குச் சுருங்கிய மாம்பழங்களைப் பார்த்துப் பொறுக்கிப் பனையோலை உமலில் கொண்டுபோகிறாள். நெடுந்தீவில் பிறிஜ் இல்லாததால் அங்கே அவரால் சாறாகத்தான் குடிக்க முடிகிறது.

கரம்பொன்காரர் உப்பை மறைத்து, ஒன்றும் அறியாத மயில்வாகனத்தாருக்கு ஐஸ்பழத்தைக் கொடுத்து ஏமாற்றி மாப்பிள்ளை எடுத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அம்பிகையும் அதைத்தான் சொல்கிறாள். அது பிழை. உப்பு இருக்கிறதென்று பிள்ளை சொன்ன பிறகு, கிணற்றடிக்கு எழும்ப முன், தட்டத்தில் மிஞ்சியிருந்த கடைசி ஐஸ்பழத்தையும் மயில்வாகனத்தார் தானாகவே கேட்டு வாங்கித் தின்றார்.