இருபது 'டக்'

மெக்கானிக் ஈரப்பா ஹூப்ளி கடைத்தெருவுக்கு வந்தது நட்டுக் கழற்றும் சாக்கெட் செட் வாங்கத்தான். தன் பழைய டார்க் ரெஞ்சையும் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான், அளவு பார்க்க. பிடியில் வேண்டிய அளவை வைத்துச் சக்கர நட்டை இறுக்கினால், அந்த அளவு வந்ததும் அது 'டக்' என்று சொல்லும். அதற்குமேல் இறுக்க வேண்டாம்.

கடைக்காரி கஸ்தூரி சாக்கெட் செட்டோடு ஒரு புது ரெஞ்சையும் எடுத்து வைத்தாள்.

"இதையும் பாத்துட்டுப் போண்ணா."

"உங்க புதுசு என்னுதுகிட்ட கை கட்டி நிக்கணும்க்கா."

"அவ்வளவு பெருமைன்னா இந்தச் சோதனை மிஷின்ல மாட்டு. போன வாரம்தான் வந்துச்சு, ரெஞ்சு எவ்வளவு இறுக்குதுன்னு காட்டும்."

ஈரப்பா சிரித்துக்கொண்டே மாட்டி இழுத்தான். டக். அவனுக்குப் பழகிய சத்தம். மிஷின் ஐம்பத்தொன்று காட்டியது. பிடியில் இருந்தது நூற்றுப்பத்து.

மறுபடி இழுத்தான். நாற்பத்தெட்டு.

"உங்க மிஷின் குடிச்சிருக்கு."

கஸ்தூரி புது ரெஞ்சை நூற்றுப்பத்தில் வைத்து மாட்டி இழுத்தாள். நூற்றுப்பத்து.

"வேலை முடிஞ்சா அளவைக் கீழ எறக்கி வைப்பியா?"

"எதுக்கு? வீல் நட்டுக்கு மட்டும்தான் எடுக்கிறேன். எப்பவும் நூத்திப்பத்துதான். வாங்குன அன்னிக்கு வச்சது."

"எப்ப வாங்குன?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"உள்ள இருக்கிறது ஸ்பிரிங்குண்ணா. ரெண்டு வருஷம் அமுக்கியே வச்சா தளந்துடாதா?"

ஈரப்பா ரெஞ்சை மிஷினிலிருந்து கழற்றினான். காலையில்தான் தங்கை புருஷன் மஹாந்தேஷின் வேனுக்கு நான்கு டயரும் மாற்றியிருந்தான். இருபது நட்டு. இருபது டக். அந்த வேன் இப்போது சவதத்தி எல்லம்மா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே தங்கை கெங்கவ்வாவும் அவர்கள் தெருவில் இருக்கும் பெண்கள் பத்துப் பேரும்.

மஹாந்தேஷ் போனை எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுத்தால் கையை ஒடிப்பேன் என்று சொல்லி வைத்தவன் ஈரப்பாதான். தங்கையை அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் எடுத்தாள். பின்னால் பாட்டும் கைதட்டலும்.

"என்னண்ணா, மொளகா பஜ்ஜி காலி. இப்பக் கேட்டு என்ன பண்ண?"

"வண்டிய நிறுத்தச் சொல்லு."

"ஏன், என்ன..."

"ஓரமா. மெதுவா. சடார்னு பிரேக் போட வேண்டாம்னு சொல்லு, கெங்கி."

பாட்டு நின்றது. கதவு திறக்கும் சத்தம். ஈரப்பாவின் கையில் ரெஞ்சு அப்படியே இருந்தது.

"மச்சான்," என்றான் மஹாந்தேஷ். "தார்வாடு தாண்டினதுல இருந்து பின்னாடி ஒரு ஆட்டம். புது டயராச்சே, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"நட்டைப் பாரு."

போனில் காலடிச் சத்தமும் காற்றும் கேட்டன.

"மூணு நட்டு கையாலயே சுத்துது. ஒண்ணைக் காணோம்."

"எல்லாரையும் எறக்கு. வண்டிய அசைக்காத. நான் வர்றேன்."

கிளம்பத் திரும்பியவன் போகவில்லை. கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கஸ்தூரி குனிந்து அவன் கையிலிருந்து பழையதை வாங்கிவிட்டுப் புதியதைக் கொடுத்தாள்.

"தங்கச்சி பொழச்சிட்டாண்ணா."

"நேத்து டாக்டர் கார்," என்றான் அவன். "முந்தாநாள் பால் வண்டி."

அவள் பேனாவை எடுத்தாள். "பேரெல்லாம் சொல்லு, எழுதறேன். போற வழியில ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணு."

அவன் புது ரெஞ்சைத் துணியில் சுற்றினான்.

"ரெண்டு வருஷத்து வண்டிங்கக்கா," என்றான்.