சரக்கு தப்பித்த செய்தி

காலை டீ நேரம் முடிகிற சமயத்தில்தான் சுரேந்தருக்கு அந்தப் போன் வந்தது. முதலிபாளையத்தில் குழந்தைகளுக்கு உடுப்புத் தைத்து ஏற்றுமதி செய்கிற பனியன் கம்பெனி ஒன்றில் அவனுக்கு ஷிப்பிங் வேலை. கொச்சியில் அவர்கள் சரக்கை ஏற்றிய கப்பல் விடியற்காலை மழை இருட்டில் கடற்படைக் கப்பல் ஒன்றின் மேல் மோதிவிட்டது என்றார் ஏஜெண்ட். ஏற்கெனவே இரண்டு முறை தேதி தள்ளிப்போன ஆர்டர் அது.

"நம்ம கப்பலுக்கு மூக்கு நசுங்குனதோட சரிங்க. கன்டெய்னர் ஒண்ணுகூட அசையலீங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் சுரேந்தருக்கு மூச்சு வந்தது.

தைத்த உடுப்புகளைச் சரிபார்க்கிற செக்கிங் பகுதிக்கு ஓடிப்போய் உரக்கச் சொன்னான். "கப்பல் மோதிருச்சுங்க! ஆனா நம்ம சரக்கு தப்பிச்சிருச்சு!" ஒரு மாதமாக ஞாயிற்றுக்கிழமையும் வந்து பீஸ் பார்த்த பெண்கள் அவர்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

சூப்பர்வைசர் சுபஸ்ரீ செல்போனில் செய்தியைத் தேடிப் படித்தாள். கடற்படைக் கப்பலில் ஒன்பது பேரைக் காணவில்லையாம். கப்பலின் பெயரையும் வாசித்தாள்.

"இன்னொருக்கா சொல்லு கண்ணு" என்றாள் மூன்றாவது மேசையில் நின்ற மாரக்காள்.

சுபஸ்ரீ சொன்னாள். மாரக்காள் கையிலிருந்த குட்டிச் சட்டையை ஒழுங்காக மடித்து வைத்தாள்.

"எம்பட பையன் அதுலதானுங்க இருக்கான்."

அவள் மகன் சிவராஜ் மிலிட்டரியில் இருக்கிறான் என்றுதான் அங்கே எல்லாருக்கும் தெரியும். கப்பலிலா என்று யாரும் கேட்டதில்லை. சுரேந்தரும் கேட்டதில்லை.

கம்பெனி வேனில் அவளை மண்ணரையிலிருந்த அவள் வீட்டுக்குக் கூட்டிப் போனது அவன்தான். வழியில் வாயைத் திறந்தான். "அக்கா, நான் தெரியாம அப்படிச் சொல்லிட்டேனுங்க..."

"நானுந்தான் கை தட்டுனேன்" என்றாள் மாரக்காள்.

வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. புருஷன் போய்ப் பல வருஷமாயிற்று. டிவியில் ஓடிய உதவி எண்ணைச் சுரேந்தர் விடாமல் அடித்தான். மத்தியானத்துக்கு மேல்தான் கிடைத்தது. எதிர்முனையில் இந்தி. பீகார் டெய்லர்களோடு பழகிக் கற்ற இந்தியில் பேசினான். குடும்பத்தாரிடம் மட்டுமே சொல்ல முடியும், நீங்கள் யார் என்று கேட்டார்கள்.

"அண்ணன்" என்று சொல்லிவிட்டான்.

காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு வேறொரு குரல் வந்து மெதுவாகப் பேசியது. என்ஜின் அறைப் பக்கம்தான் இடித்ததாம். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. சிவராஜை எடுத்துவிட்டார்கள், உயிர் இல்லை.

"என்ன சொல்றாங்க தம்பி?"

"பேசிட்டிருக்காங்கக்கா."

லைன் எப்போதோ அறுந்துவிட்டது. போனைக் காதிலிருந்து இறக்கினால் சொல்லியாக வேண்டும். அவன் இறக்கவில்லை. மாரக்காள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே எழுந்து வந்து, அவன் கையைப் பிடித்துப் போனைக் கீழே இறக்கினாள்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. கூட வந்த அதிகாரி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, "இவருடைய அண்ணன் எங்கே?" என்று கேட்டார். சிவராஜ் ஒற்றைப் பிள்ளை. சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சுரேந்தர் தலை குனிந்து நின்றான். மாரக்காள் அவன் மணிக்கட்டைப் பற்றி முன்னால் இழுத்தாள்.

"இவந்தானுங்க."

முன்பக்கம் தோள் கொடுத்தது அவன்தான். பெட்டி அவன் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

மாரக்காள் நாற்பது நாள் கழித்து வேலைக்கு வந்தாள். குட்டிச் சட்டைகளை முன்போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தபாலில் வந்த விசாரணை அறிக்கையைப் படித்துச் சொல்லச் சுரேந்தரை வீட்டுக்குக் கூப்பிட்டாள். முழுக்க இங்கிலீஷ். இரண்டு கப்பலின் மேலும் தப்பு உண்டு என்று எழுதியிருந்தார்கள். மோதிய நேரம், வேகம், திரும்பிய திசை எல்லாவற்றையும் அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. அப்ப அவன் தூங்கிட்டிருந்தானா, முழிச்சிருந்தானான்னு போட்டிருக்குதா?"

சுரேந்தர் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தேடினான். தூங்கிட்டிருந்தார் என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது.

"அது போடலீங்கக்கா" என்றான்.

"செரி" என்று அவள் காகிதங்களை வாங்கிக்கொண்டாள். "சோறு ஆயிருச்சு. இருந்து சாப்பிட்டுட்டுப் போ சாமி."

அவன் சாப்பிட உட்கார்ந்தான்.